விண்டோஸில் பில்ட் உடையும் இடங்கள்

சி அல்லது சி++ மொழியில் எழுதிய ஒரு மென்பொருள் லினக்ஸில் இரண்டு மூன்று கட்டளைகளில் பில்ட் ஆகிவிடுவதுண்டு. அதே மூலநிரலை விண்டோஸ் கணினியில் பில்ட் செய்யும்போது பிழைச் செய்திகள் திரையை நிறைத்துவிடலாம். இதற்கு மூலநிரலில் ஒரு வரிகூடத் தவறாக இருக்க வேண்டியதில்லை. லினக்ஸ் விநியோகங்கள் கம்பைலர், லிங்கர், சி லைப்ரரி, பிற லைப்ரரிகள் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பொருந்துமாறு கட்டி, ஒரே இடத்திலிருந்து தருகின்றன. விண்டோஸோடு சி கம்பைலர் எதுவும் வருவதில்லை. அதைத் தனியே நிறுவ வேண்டும்; நிறுவக் கிடைப்பவையோ ஒன்றுக்கொன்று முழுதாக ஒத்துப்போகாத பல குடும்பங்கள். ஒரு குடும்பத்தின் பொருள் இன்னொன்றின் வேலைக்குள் கலந்துவிடுவதுதான் விண்டோஸ் பில்ட் சிக்கல்களில் பெரும்பாலானவற்றின் வேர். எந்தக் கட்டத்தில், எது எதோடு கலந்தது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மூலநிரல் கடக்கும் கட்டங்கள்

மூலநிரல் ஓடும் நிரலாக மாறுவதற்குள் ஐந்து கட்டங்களைக் கடக்கிறது. முதலாவது உள்ளமைப்பு. சிமேக், மெசான் போன்ற கருவியோ, கான்ஃபிகர் ஸ்கிரிப்ட்டோ கணினியைத் துழாவி, எந்தக் கம்பைலர் இருக்கிறது, லைப்ரரிகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்து பில்ட் விதிகளை எழுதி வைக்கும். இரண்டாவது முன்செயலாக்கம், ஹெடர் கோப்புகள் உள்ளே சேர்க்கப்பட்டு மேக்ரோக்கள் விரியும். மூன்றாவது கம்பைல், ஒவ்வொரு மூலக்கோப்பும் தனித்தனி ஆப்ஜெக்ட் கோப்பாகும். நான்காவது லிங்க், ஆப்ஜெக்ட் கோப்புகளும் லைப்ரரிகளும் இணைந்து ஒரு நிரலோ டிஎல்எல்லோ உருவாகும். ஐந்தாவது ஏற்றம், நிரலைத் தொடங்கும்போது இயங்குதளம் அதற்குத் தேவையான டிஎல்எல்களைத் தேடி நினைவகத்தில் ஏற்றும்.

ஒவ்வொரு கட்டத்தின் பிழைக்கும் தனி அடையாளம் உண்டு. மைக்ரோசாஃப்ட் கருவிகளில் 'சி' என்ற எழுத்தோடு தொடங்கும் பிழை எண் கம்பைலருடையது; 'எல்என்கே' என்று தொடங்குவது லிங்கருடையது. ஹெடர் கோப்பு கிடைக்கவில்லை என்பதற்கு சி1083. ஒரு ஃபங்ஷன் அறிவிக்கப்பட்டு, அதன் உடல் எந்த லைப்ரரியிலும் அகப்படவில்லை என்பதற்கு எல்என்கே2019. ஜிசிசி கம்பைலரில் பிழைப் பட்டியலின் கடைசி வரி 'கலெக்ட்2' என்று தொடங்கி, 'எல்டி' என்ற லிங்கர் பிழையோடு திரும்பியதாகச் சொன்னால் பழுது லிங்க் கட்டத்தில் இருக்கிறது. பில்ட் முழுவதும் முடிந்து, நிரலை ஓடவிடும்போது மட்டும் டிஎல்எல் இல்லை என்று பெட்டி எழுந்தால் அது ஏற்றக் கட்டத்தின் பிழை. ஹெடர் கிடைக்காத சிக்கலுக்கு லிங்கர் அமைப்புகளை மாற்றுவதும், லிங்கர் பிழைக்கு ஹெடர் பாதைகளைச் சேர்ப்பதும் வீண்வேலை.

குடும்பங்கள் எவை, ஏன் பொருந்துவதில்லை

முதல் குடும்பம் மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி++, சுருக்கமாக எம்எஸ்விசி. இரண்டாவது, ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987-இல் வெளியிட்ட ஜிசிசியின் வழி வந்தது. யுனிக்ஸ் உலகத்துக்கான அந்தக் கம்பைலரை விண்டோஸுக்குக் கொண்டுவந்த முயற்சிகள் இரு கிளைகளாகப் பிரிந்தன. 1995-இல் சிக்னஸ் நிறுவனத்தில் ஸ்டீவ் சேம்பர்லின் தொடங்கிய சிக்வின், யுனிக்ஸ் தரும் சேவைகளை விண்டோஸின் மேல் உருவாக்கித் தரும் ஒரு டிஎல்எல்லை இடையில் வைத்தது. அதனால் யுனிக்ஸ் நிரல்கள் அதிக மாற்றமின்றி பில்ட் ஆகும். ஆனால் அந்த டிஎல்எல் இல்லாமல் ஓடா. மின்ஜிடபிள்யூ என்ற மற்றக் கிளை, இடையில் எதையும் வைக்காமல் நேரடியாக விண்டோஸ் நிரல்களை உருவாக்கியது. 64 பிட்டுக்காக அதிலிருந்து பிரிந்த மின்ஜிடபிள்யூ-டபிள்யூ64தான் இன்று பரவலாகப் புழங்குவது.

மூன்றாவது, எல்எல்விஎம். இலினாய் பல்கலைக்கழகத்தில் 2000-இல் கிறிஸ் லாட்னர் தொடங்கிய இத்திட்டத்தின் கிளாங் கம்பைலர் இரு பக்கமும் ஆடும்: ஒரு முகத்தில் எம்எஸ்விசியின் ஹெடர்களையும் லைப்ரரிகளையும் பயன்படுத்தி அதற்கு இணையான ஆப்ஜெக்ட் கோப்புகளைத் தரும், மறுமுகத்தில் மின்ஜிடபிள்யூவோடு சேரும். 'கிளாங்கில் பில்ட் செய்தேன்' என்பது மட்டும் எந்தக் குடும்பம் என்பதைச் சொல்லிவிடாது.

ஆப்ஜெக்ட் கோப்புகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் விதிகளுக்கு ஏபிஐ என்று பெயர். அதாவது, பைனரி அளவிலான இடைமுகம். ஒரு ஃபங்ஷனுக்குத் தரும் மதிப்புகள் எந்த ரெஜிஸ்டரில் போகும், ஒரு கட்டமைப்பின் உறுப்புகள் எந்த வரிசையில் எத்தனை பைட் இடைவெளியில் நிற்கும் என்பதெல்லாம் அதில் அடங்கும். 64 பிட் விண்டோஸில் எம்எஸ்விசி, மின்ஜிடபிள்யூ இரண்டும் சி மொழிக்கு ஒரே விதியைப் பின்பற்றுகின்றன. முதல் நான்கு மதிப்புகள் ரெஜிஸ்டர்களில் போகும். ஆகவே சி இடைமுகம் கொண்ட டிஎல்எல்லை ஒரு குடும்பத்தில் கட்டி இன்னொன்றில் பயன்படுத்துவது பெரும்பாலும் நடக்கும். சி++ அப்படியன்று. ஃபங்ஷனின் பெயரோடு அதன் மதிப்பு வகைகளையும் சேர்த்து கம்பைலர் ஒரு புதுப் பெயரை உருவாக்கும். எம்எஸ்விசியில் அந்தப் பெயர் கேள்விக்குறியில் தொடங்கும். ஜிசிசியில் அடிக்கோடும் 'இசட்' எழுத்துமாகத் தொடங்கும். விதிவிலக்குகளைக் கையாளும் முறையும், ஸ்ட்ரிங், வெக்டர் போன்ற வகைகளின் உள்ளமைப்பும் வேறு வேறு. எம்எஸ்விசிக்கென்று கட்டிய சி++ லைப்ரரியை மின்ஜிடபிள்யூ நிரலோடு இணைக்க முயல்வது, மரை பொருந்தாத நட்டைப் போல்ட்டில் திருகுவது போன்றது.

ஒரு குடும்பத்துக்குள்ளேயும் பிரிவுகள் உண்டு. எம்சிஸ்2 என்ற தொகுப்பு, ஆர்ச் லினக்ஸின் பேக்மேன் கருவியின் வழியாக மின்ஜிடபிள்யூ கம்பைலர்களையும் ஆயிரக்கணக்கான லைப்ரரிகளையும் தருகிறது. அதற்குள் எம்சிஸ், மின்ஜிடபிள்யூ64, யுசிஆர்டி64, கிளாங்64 எனத் தனித்தனிச் சூழல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி ஷார்ட்கட் உண்டு. 2022-இல் இயல்பான சூழல் மின்ஜிடபிள்யூ64-இலிருந்து யுசிஆர்டி64-க்கு மாறியது. புதியவர்கள் 'ஜிசிசி' என்ற பெயரிலேயே உள்ள பேக்கேஜை நிறுவிவிடுவதுண்டு. அது சிக்வின் வழி வந்த எம்சிஸ் சூழலுக்கானது. அதில் உருவாகும் நிரல் எம்சிஸின் டிஎல்எல்லை எதிர்பார்க்கும். சாதாரண விண்டோஸ் நிரலுக்கு வேண்டியது சூழலின் பெயரும் பிராசசர் கட்டமைப்பின் பெயரும் முன்னொட்டாக வரும் நீண்ட பெயர் கொண்ட பேக்கேஜ்.

எந்தக் கருவி உண்மையில் ஓடுகிறது

எம்எஸ்விசியை நிறுவியதும் எந்தக் கட்டளைச் சாளரத்திலும் அது கிடைத்துவிடாது. ஹெடர்கள், லைப்ரரிகள், கருவிகள் இருக்கும் இடங்களை இன்க்ளூட், லிப், பாத் என்ற சூழல் மாறிகளில் எழுதித் தரும் ஒரு ஸ்கிரிப்ட் முதலில் ஓட வேண்டும். விஷுவல் ஸ்டுடியோவோடு வரும் டெவலப்பர் கமாண்ட் ப்ராம்ப்ட் அதைத்தான் செய்கிறது. அதில் 32 பிட்டுக்கும் 64 பிட்டுக்கும் தனிச் சாளரங்கள் உண்டு. தவறான சாளரத்தைத் திறந்தால் 64 பிட் லைப்ரரியோடு 32 பிட் ஆப்ஜெக்ட்டை இணைக்க முயன்று, எல்என்கே1112 என்ற பிழையில் லிங்கர் நிற்கும்.

பாத் மாறியில் இடங்களின் வரிசை முக்கியம். கேட்ட பெயரில் முதலில் அகப்படும் நிரல்தான் ஓடும். இதில் பேர்போனது 'லிங்க்' என்ற பெயரின் மோதல். எம்எஸ்விசியின் லிங்கருக்கு அந்தப் பெயர். யுனிக்ஸ் கருவித் தொகுப்பிலும் கோப்புகளுக்கு இணைப்புப் பெயர் தரும் 'லிங்க்' என்ற சிறு நிரல் உண்டு. எம்சிஸ்2-இன் 'பின்' கோப்புறையில் அது இருக்கிறது. எம்சிஸ்2-இன் ஷெல்லுக்குள் எம்எஸ்விசியைப் பயன்படுத்தும்போது பாத்தில் அந்தக் கோப்புறை முன்னால் வந்துவிட்டால், லிங்கரின் இடத்தில் சம்பந்தமில்லாத நிரல் ஓடி, புரியாத செய்தியோடு நிற்கும். 'ஃபைண்ட்', 'சார்ட்' என்ற பெயர்களிலும் இதே மோதல் உண்டு. விண்டோஸின் ஃபைண்டும் யுனிக்ஸின் ஃபைண்டும் செய்யும் வேலைகள் வேறு. விண்டோஸுக்கான பெர்ல் மொழித் தொகுப்பான ஸ்ட்ராபெரி பெர்ல் தன்னோடு ஒரு ஜிசிசியையும் சில லைப்ரரிகளையும் கொண்டுவருகிறது. அது பாத்தில் இருந்தால், சிமேக் அந்த லைப்ரரிகளைக் கண்டெடுத்து எம்எஸ்விசி பில்ட்டுக்குள் சேர்த்துவிடக்கூடும். கட்டளைச் சாளரத்தில் 'வேர்' என்ற கட்டளையோடு கருவியின் பெயரைத் தந்தால், அந்தப் பெயரில் பாத்தில் இருக்கும் எல்லா நிரல்களும் தேடப்படும் வரிசையில் தெரியும்.

எம்சிஸ்2-இல் இன்னொரு கண்ணி பாதை மாற்றம். சாய்கோட்டில் தொடங்கும் மதிப்பு யுனிக்ஸ் பாதை என்று கருதி, சாதாரண விண்டோஸ் நிரலை அழைக்கும்போது அதை விண்டோஸ் பாதையாக ஷெல் மாற்றித் தரும். எம்எஸ்விசியின் விருப்பங்களும் சாய்கோட்டிலேயே தொடங்குகின்றன. அதனால் விருப்பம் ஒரு கோப்புறைப் பெயராக உருமாறிப் போய்ச் சேரும். கழித்தல் குறியோடு விருப்பங்களை எழுதினால் எம்எஸ்விசி அதையும் ஏற்கும். சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

முதல் ஓட்டத்தில் கண்டுபிடித்த கம்பைலரையும் லைப்ரரிகளின் இடங்களையும் சிமேக் தன் கேஷ் கோப்பில் பதிந்து வைக்கும். அடுத்த ஓட்டங்களில் அதையே நம்பும். பாத்தைத் திருத்திய பிறகும் பழைய பிழையே வருவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தக் கேஷ். கம்பைலரையோ, பில்ட் விதிகளை எழுதும் ஜெனரேட்டரையோ மாற்றும்போது பில்ட் கோப்புறையை முழுதாக நீக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்குவதுதான் பாதுகாப்பு. பில்ட்டை மூலக்கோப்புறைக்குள் செய்யாமல் தனிக் கோப்புறையில் செய்யச் சொல்வதன் பயன் இங்கே தெரியும்.

கோப்புகள், பாதைகள், பூட்டுகள்

1981-இல் வந்த முதல் டாஸில் கோப்புறைகளே இல்லை. சாய்கோடு கட்டளை விருப்பங்களுக்குப் பயன்பட்டது. 1983-இல் டாஸ் 2.0 கோப்புறைகளைக் கொண்டுவந்தபோது அந்தக் குறி ஏற்கெனவே எடுத்துக்கொள்ளப்பட்டிருந்ததால், பின்சாய்கோடு பாதைப் பிரிப்பானாயிற்று. விண்டோஸின் கோப்புச் சேவைகள் இரண்டையும் ஏற்கும். சிக்கல் வருவது பாதையை ஒரு ஷெல்லோ மேக் கோப்போ படிக்கும்போது. அங்கே பின்சாய்கோடு அடுத்த எழுத்தை விழுங்கும் குறி. பில்ட் கோப்புகளில் எல்லா இடத்திலும் முன்சாய்கோட்டையே எழுதுவது நல்லது.

பாதையின் நீளத்துக்கு மரபான வரம்பு 260 எழுத்துகள். லைப்ரரிக்குள் லைப்ரரி இறங்கும் திட்டங்களில் அது சீக்கிரம் கடந்துபோகும். இருக்கும் கோப்பையே இல்லை என்று கம்பைலர் சொல்லும். 2016-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1607 பதிப்பிலிருந்து பதிவேட்டில் ஓர் அமைப்பை மாற்றி வரம்பை நீக்கலாம். ஆனால் நீண்ட பாதை தனக்குப் புரியும் என்று ஒவ்வொரு நிரலும் தன் மேனிஃபெஸ்ட்டில் அறிவித்திருக்க வேண்டும். எல்லாக் கருவிகளும் அறிவிப்பதில்லை. டிரைவின் வேருக்கு அருகில் குறுகிய பெயருள்ள கோப்புறையில் பில்ட் செய்வது எளிய வழி. கட்டளை வரிக்கும் வரம்பு உண்டு: கமாண்ட் ப்ராம்ப்ட்டில் 8191 எழுத்துகள், நேரடியாக ஒரு நிரலைத் தொடங்கினால் 32,767. நூற்றுக்கணக்கான ஆப்ஜெக்ட் கோப்புகளை ஒரே வரியில் லிங்கருக்குத் தரும் பில்ட்டுகள் இங்கே முறியும். பெயர்களை ஒரு கோப்பில் எழுதி, அந்தக் கோப்பைக் கருவிக்குக் காட்டுவது இதற்கான வழி.

கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை லினக்ஸ் பார்க்கும். விண்டோஸ் இயல்பாகப் பார்ப்பதில்லை. எழுத்து வேறுபாட்டால் மட்டும் பிரிந்த இரண்டு ஹெடர்கள் விண்டோஸில் ஒன்றின் மேல் ஒன்று எழுதப்படும். விண்டோஸில் எழுதிய நிரல் லினக்ஸில் ஹெடர் கிடைக்காமல் உடைவது இதன் மறுபக்கம். டாஸ் காலத்திலிருந்தே சாதனங்களுக்கு ஒதுக்கிய 'கான்', 'ஆக்ஸ்', 'நல்', 'பிஆர்என்' ஆகிய பெயர்களும் தொல்லை தரும். 'ஆக்ஸ்' என்ற பெயரில் ஒரு சி கோப்பு இருக்கும் திட்டத்தை கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியால் இறக்கும்போதே தடுமாற்றம் தொடங்கிவிடும்.

வரியின் முடிவை லினக்ஸ் ஒரு பைட்டால் குறிக்கும். விண்டோஸ் இரண்டு பைட்டுகளால். கிட் கோப்புகளை விண்டோஸ் முறைக்கு மாற்றி இறக்கியிருந்தால், ஷெல் ஸ்கிரிப்ட்டின் முதல் வரியில் கூடுதலாக ஒட்டியிருக்கும் பைட்டால் ஷெல்லின் பெயரே மாறி, அப்படியொரு நிரல் இல்லை என்ற செய்தி வரும். எந்தக் கோப்புக்கு எந்த வரிமுடிவு என்பதைத் திட்டத்தின் கிட்ஆட்ரிப்யூட்ஸ் கோப்பில் எழுதிவைத்தால், ஒவ்வொருவரின் கணினி அமைப்பையும் நம்பியிருக்க வேண்டாம்.

ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் கோப்பை யுனிக்ஸில் நீக்கிவிட்டு அதே பெயரில் புதியதை வைக்கலாம். விண்டோஸ் அதைப் பூட்டி வைக்கும். முந்தைய பில்ட்டின் நிரல் பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தால் லிங்கரால் புதியதை எழுத முடியாது. எம்எஸ்விசியில் எல்என்கே1168, ஜிசிசியில் அனுமதி மறுப்புச் செய்தி வரும். ஆன்டிவைரஸ் மென்பொருள் புதிதாகப் பிறந்த கோப்பைச் சோதிக்கும் நேரத்திலும் இதே பிழை தோன்றலாம். ஒருமுறை வந்து மறுமுறை வராத லிங்க் பிழைக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

ஹெடர்களும் மேக்ரோக்களும்

விண்டோஸின் முதன்மை ஹெடர் 'மின்', 'மேக்ஸ்' என்ற சிறிய எழுத்துப் பெயர்களில் மேக்ரோக்களை வரையறுக்கிறது. சி++ நிலையான லைப்ரரியிலும் அதே பெயர்களில் ஃபங்ஷன்கள் உண்டு. முன்செயலிக்கு மொழி இலக்கணம் தெரியாது. பெயரைக் கண்ட இடத்திலெல்லாம் மேக்ரோவை விரித்துவிடும். பிழையோ சம்பந்தமில்லாத வரியில் இலக்கணப் பிழையாகத் தோன்றும். 'நோமின்மேக்ஸ்' என்ற மேக்ரோவை முன்கூட்டியே வரையறுப்பது தீர்வு. 'நியர்', 'ஃபார்', 'ஸ்மால்' என்ற மாறிப் பெயர்களும் இப்படியே அடிபடும். நெட்வொர்க் நிரல்களில், விண்டோஸின் நெட்வொர்க் சேவைகளுக்கான பழைய வின்சாக் ஹெடரை விண்டோஸ் ஹெடர் தானே இழுத்துவரும். பிறகு புதிய வின்சாக்2 வந்தால் ஒரே பெயர் இருமுறை வரையறுக்கப்பட்டதாக டஜன்கணக்கில் பிழைகள் வரும். வின்சாக்2-ஐ முதலில் எழுதினால் போதும்.

இயங்குதளத்தை அடையாளம் காணும் மேக்ரோக்களிலும் தவறான ஊகங்கள் நுழைகின்றன. 'வின்32' மேக்ரோ 64 பிட்டிலும் வரையறுக்கப்பட்டிருக்கும். அது இருப்பதைக் கொண்டு எம்எஸ்விசிதான் என்று முடிவுகட்டி எழுதிய நிரல் மின்ஜிடபிள்யூவில் உடையும். சிக்வினிலோ அந்த மேக்ரோ இயல்பாக இருப்பதே இல்லை. இயங்குதளத்தைப் பொறுத்த கேள்விக்கு ஒரு மேக்ரோ, கம்பைலரைப் பொறுத்த கேள்விக்கு வேறொரு மேக்ரோ என்று பிரித்துக் கேட்பதே சரி.

எண்ணின் அகலமும் எழுத்தின் அகலமும்

64 பிட் லினக்ஸில் 'லாங்' வகைக்கு 8 பைட். 64 பிட் விண்டோஸில் 4 பைட்தான். பாயின்டர் இரண்டிலும் 8 பைட். பாயின்டரை லாங்குக்குள் வைத்து எடுக்கும் நிரல் லினக்ஸில் பிழைத்திருக்கும். விண்டோஸில் முகவரியின் மேல் பாதியை இழக்கும். கோப்பில் இருக்கும் இடத்தை லாங்காகத் தரும் பழைய ஃபங்ஷன்கள் 2 ஜிபிக்கு மேற்பட்ட கோப்புகளில் தடுமாறும். அகலம் முக்கியமான இடங்களில் நிலையான அகல வகைகளை எழுதுவது கம்பைலர் எச்சரிக்கைகளையும் குறைக்கும். முதன்மை இழையின் ஸ்டேக் விண்டோஸில் இயல்பாக 1 எம்பி. லினக்ஸில் வழக்கமாக 8 எம்பி. ஆழமான தன்னழைப்பு கொண்ட நிரல் விண்டோஸில் மட்டும் சரிவதற்கு இது காரணமாகலாம்.

அகல எழுத்து வகை விண்டோஸில் 2 பைட், லினக்ஸில் 4 பைட். மூலக்கோப்பின் எழுத்துக் குறியாக்கத்திலும் வேறுபாடு உண்டு. ஜிசிசி மூலக்கோப்பை யுடிஎஃப்-8 என்றே கொள்ளும். யுடிஎஃப்-8 தொடக்க அடையாளம் (பிஓஎம்) இல்லாத கோப்பை எம்எஸ்விசி கணினியின் உள்ளூர்க் குறியாக்கப் பக்கத்தில் இருப்பதாக நினைக்கும். தமிழின் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளியும் யுடிஎஃப்-8-இல் 3 பைட். அந்த பைட்டுகளை மேற்கத்திய குறியாக்கமாகப் படித்தால், சாதாரண ஸ்ட்ரிங்குகளில் அவை மாறாமல் தப்பிவிடுவதுண்டு. அகல எழுத்து ஸ்ட்ரிங்குகளில் தமிழ் சிதைந்தே வெளிவரும். எம்எஸ்விசிக்கு 'யுடிஎஃப்-8' விருப்பத்தைத் தருவதே முழுத் தீர்வு.

தமிழ்ப் பயனர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. கணினியின் உள்ளூர்க் குறியாக்கப் பக்கமாக அமைக்கத் தமிழுக்கென்று விண்டோஸில் ஒன்று இல்லை. தமிழ் அதில் யூனிகோட் வழியாக மட்டுமே வந்தது. விண்டோஸ் பயனர் பெயர்க் கோப்புறை தமிழில் இருந்தால், பழைய பாணிச் சேவைகளைப் பயன்படுத்தும் கருவிக்கு அந்த எழுத்துகள் கேள்விக்குறிகளாகவே போய்ச் சேரும். கேள்விக்குறி கோப்புப் பெயரில் வரவே கூடாத குறி என்பதால் பாதை கிடைக்காது. தற்காலிகக் கோப்புகளின் இடமும் இயல்பாகப் பயனர் கோப்புறைக்குள்தான் இருக்கிறது. திட்டத்தை வேறிடத்தில் வைத்தாலும் கம்பைலர் தடுக்கி விழுவதற்கு இதுவே காரணம். டெம்ப், டிஎம்பி மாறிகளை ஆங்கில எழுத்துப் பெயருள்ள கோப்புறைக்குத் திருப்பிவிடலாம்.

லிங்கரின் புகார்கள்

லிங்கர் ஒரு பெயர் கிடைக்கவில்லை என்று சொல்வதற்கு நான்கு காரணங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, லைப்ரரியே தரப்படவில்லை. சாக்கெட் பயன்படுத்தும் நிரலுக்கு வின்சாக் லைப்ரரியைத் தர மறப்பது வழக்கமான உதாரணம். லினக்ஸில் அந்த ஃபங்ஷன்கள் சி லைப்ரரிக்குள்ளேயே இருப்பதால் அங்கே இந்தத் தேவை எழுவதில்லை. இரண்டு, வரிசை தவறு. ஜிசிசி பயன்படுத்தும் ஜிஎன்யு லிங்கர் லைப்ரரிகளை இடமிருந்து வலமாக ஒருமுறை படிக்கும். ஒரு பெயரைக் கேட்கும் கோப்புக்குப் பின்னால்தான் அதைத் தரும் லைப்ரரி வர வேண்டும். மூன்று, குடும்பக் கலப்பு. செய்தியில் உள்ள பெயர் கேள்விக்குறியில் தொடங்குகிறதா, அடிக்கோட்டில் தொடங்குகிறதா என்று பார்த்தாலே கேட்பவர் எந்தக் குடும்பம் என்று தெரிந்துவிடும். நான்கு, டிஎல்எல்லில் இருந்து பெயர் வெளியே தரப்படவில்லை.

கடைசிக் காரணம் லினக்ஸிலிருந்து வருபவர்களுக்குப் புதிது. லினக்ஸில் பகிர்வு லைப்ரரியின் பெயர்கள் எல்லாம் இயல்பாக வெளியே தெரியும். எம்எஸ்விசியில் எதை வெளியே தருவது என்று மூலநிரலில் குறிக்க வேண்டும். பயன்படுத்தும் பக்கத்தில் உள்ளே எடுப்பதாகக் குறிப்பார்கள். அப்படிக் குறித்த ஹெடரோடு, டிஎல்எல்லுக்குப் பதிலாக ஸ்டாட்டிக் லைப்ரரியை இணைத்தால், 'இம்ப்' என்ற முன்னொட்டுக் கொண்ட பெயர் கிடைக்கவில்லை என்று லிங்கர் சொல்லும். லிப்கர்ல் போன்ற லைப்ரரிகள் ஸ்டாட்டிக் பயன்பாட்டுக்கென்று தனி மேக்ரோ கேட்பது இதனால்தான். எம்எஸ்விசியில் ஸ்டாட்டிக் லைப்ரரிக்கும், டிஎல்எல்லுக்கு வழிகாட்டும் இம்போர்ட் லைப்ரரிக்கும் ஒரே பின்னொட்டு என்பது குழப்பத்தைக் கூட்டுகிறது.

எல்என்கே2038 பிழை வேறு வகை. சி ரன்டைம் லைப்ரரியை எம்எஸ்விசி நான்கு வடிவங்களில் தருகிறது: ஸ்டாட்டிக், டிஎல்எல், அவை ஒவ்வொன்றின் டீபக் வடிவம். ஒரு லைப்ரரி ஒரு வடிவத்திலும் நிரல் இன்னொரு வடிவத்திலும் கம்பைல் ஆகியிருந்தால் லிங்கர் பொருத்தமின்மையை இந்த எண்ணால் சொல்லும். திட்டம் முழுவதையும் ஒரே வடிவத்தில் மறுபடி கம்பைல் செய்வது தவிர வேறு மருந்தில்லை. டெம்ப்ளேட் மிகுந்த சி++ கோப்புகளில், ஓர் ஆப்ஜெக்ட் கோப்பில் 65,279 பகுதிகள் மட்டுமே இருக்கலாம் என்ற வரம்பு இடிக்கும். இரு குடும்பங்களிலும் அதை உயர்த்த 'பிக்ஆப்ஜ்' விருப்பம் உண்டு.

டிஎல்எல் தேடலும் ரன்டைம் கலப்பும்

லினக்ஸில் தன் லைப்ரரிகள் எங்கே இருக்கின்றன என்பதை நிரலுக்குள்ளேயே பதிய முடியும். விண்டோஸில் அந்த ஏற்பாடு இல்லை. நிரல் இருக்கும் கோப்புறை, சிஸ்டம் கோப்புறை, விண்டோஸ் கோப்புறை, நடப்புக் கோப்புறை, அதன் பிறகு பாத் என்ற வரிசையில் டிஎல்எல் தேடப்படும். மின்ஜிடபிள்யூவில் கட்டிய சி++ நிரல் வழக்கமாக லிப்ஸ்டிடிசி++, லிப்ஜிசிசி, வின்பித்ரெட் ஆகிய மூன்று டிஎல்எல்களை எதிர்பார்க்கும். எம்சிஸ்2 சாளரத்தில் ஓடும் நிரல், இருமுறை சொடுக்கித் திறந்தால் ஓடாததற்குக் காரணம் இதுதான். அவற்றை நிரலின் பக்கத்தில் நகலெடுத்து வைக்கலாம். அல்லது 'ஸ்டாட்டிக்' விருப்பத்தோடு இணைக்கலாம். பாத்தில் வேறொரு மென்பொருள் கொண்டுவந்த பழைய லிப்ஸ்டிடிசி++ முன்னால் இருந்தால், டிஎல்எல் கிடைத்தும் அதற்குள் ஒரு ஃபங்ஷன் இல்லை என்ற செய்தி வரும்.

சத்தமில்லாமல் முடிந்துபோகும் நிரலின் வெளியேறு எண்ணைப் பார்ப்பது பயன் தரும். -1073741515 என்றால் டிஎல்எல் கிடைக்கவில்லை. -1073741701 என்றால் 32 பிட், 64 பிட் கலந்திருப்பது பெரும்பாலும் காரணம். சிஸ்டம்32 கோப்புறையில் 64 பிட் டிஎல்எல்களும், சிஸ்வாவ்64 கோப்புறையில் 32 பிட் டிஎல்எல்களும் இருப்பது இந்தத் தேடலில் பலரை ஏமாற்றியிருக்கிறது. சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பின் பிராசஸ் மானிட்டர், நிரல் எந்தெந்தக் கோப்புறையில் எதைத் தேடித் தோற்றது என்று வரிவரியாகக் காட்டும்.

எல்லாம் ஏறி, நிரல் ஓடும்போது சரிவது கடைசி வகை. முன்பு விஷுவல் ஸ்டுடியோவின் ஒவ்வொரு பதிப்பும் தனக்கென ஒரு சி ரன்டைம் வைத்திருந்தது. 2015 பதிப்போடும் விண்டோஸ் 10-ஓடும் யுசிஆர்டி என்ற பொது ரன்டைம் வந்தது. 2015, 2017, 2019, 2022 பதிப்புகளின் பைனரிகள் அதனால் ஒன்றோடொன்று சேர்கின்றன. பழைய மின்ஜிடபிள்யூ பில்ட்டுகள் எம்எஸ்விசிஆர்டி என்ற பழைய ரன்டைமைப் பயன்படுத்துபவை. ஒரே நிரலுக்குள் இரண்டு ரன்டைம்கள் இருந்தால் நினைவகம் ஒதுக்குபவர்களும் இருவராகிறார்கள். ஒரு டிஎல்எல் ஒதுக்கிய நினைவகத்தை இன்னொன்று விடுவிக்கும்போது நிரல் சரியும். திறந்த கோப்பின் பாயின்டரை எல்லை தாண்டிக் கொடுத்தாலும் அதே கதிதான். ஒதுக்கிய டிஎல்எல்லே விடுவிக்கும் ஃபங்ஷனையும் தருவது இடைமுக வடிவமைப்பில் பழைய, உறுதியான விதி.

தேடும் வரிசை

பிழை வந்ததும் பில்ட் கோப்புறையை நீக்கிவிட்டு, ஒரே நேரத்தில் ஒரு கோப்பு மட்டும் கம்பைல் ஆகுமாறு மீண்டும் ஓட்ட வேண்டும். இணையாக ஓடும் பில்ட்டில் செய்திகள் கலந்து, உண்மையான முதல் பிழை நடுவில் புதைந்துவிடும். முதல் பிழையை மட்டும் எடுத்துக்கொண்டு, அது எந்தக் கட்டத்தைச் சேர்ந்தது என்று தீர்மானிக்க வேண்டும். அடுத்து, உண்மையில் ஓடிய கட்டளையை முழுதாகப் பார்க்க வேண்டும்; நின்ஜா என்ற பில்ட் கருவியில் 'வி' விருப்பமும், மேக் கோப்புகளில் 'வெர்போஸ்' மாறியும் அதைக் காட்டும். அந்த ஒரு கட்டளையைக் கையால் ஓட்டிப் பார்த்தால், பில்ட் கருவியின் சிக்கலா கம்பைலரின் சிக்கலா என்பது பிரியும்.

ஹெடர் சிக்கலென்றால் எம்எஸ்விசியின் 'ஷோஇன்க்ளூட்ஸ்' விருப்பமோ, ஜிசிசியின் 'எச்' விருப்பமோ எந்த ஹெடர் எங்கிருந்து வந்தது என்று காட்டும். மேக்ரோ சந்தேகத்துக்கு முன்செயலாக்கம் முடிந்த கோப்பைத் திறந்து படிப்பதைவிட நேரான வழியில்லை. லிங்க் சிக்கலில் எம்எஸ்விசியின் டம்ப்பின், ஜிஎன்யுவின் என்எம், ஆப்ஜ்டம்ப் ஆகியவை ஒரு லைப்ரரியில் உள்ள பெயர்களையும் அது எத்தனை பிட் என்பதையும் சொல்லும். இவை எதிலும் பிடிபடாவிட்டால், ஒரே ஒரு ஃபங்ஷனை அழைக்கும் பத்து வரி நிரலை அதே லைப்ரரியோடு பில்ட் செய்து பார்க்கலாம். அதுவும் உடைந்தால் குற்றம் சூழலில். ஓடினால் திட்டத்தின் விதிகளில்.

சிகிச்சையைவிட முன்னேற்பாடு மலிவு. திட்டத்தின் தொடக்கத்திலேயே ஒரு குடும்பம், ஒரு பிராசசர் கட்டமைப்பு, ஒரு ரன்டைம் வடிவம் என்று முடிவுசெய்து, சார்ந்திருக்கும் லைப்ரரிகள் அனைத்தையும் அதே அமைப்பில் பெற வேண்டும். எம்எஸ்விசி வழியில் விசிபிகேஜி என்ற லைப்ரரி மேலாண்மைக் கருவி இந்த மூன்றையும் 'டிரிப்ளெட்' என்ற ஒரே பெயருக்குள் அடக்கி, லைப்ரரிகளை மூலத்திலிருந்தே கட்டித் தருகிறது. மின்ஜிடபிள்யூ வழியில் எம்சிஸ்2-இன் ஏதாவது ஒரு சூழலுக்குள் மட்டும் நிற்பது அதே பலனைத் தரும். விண்டோஸ் கணினியிலேயே பில்ட் செய்ய வேண்டிய தேவை இல்லாத திட்டங்களில், லினக்ஸ் கணினியில் இருந்தபடியே மின்ஜிடபிள்யூ-டபிள்யூ64 குறுக்குக் கம்பைலரால் விண்டோஸ் நிரலைக் கட்டிவிடலாம். எடுத்த முடிவையும் கருவிகளின் பதிப்பு எண்களையும் திட்டத்தின் கோப்புகளிலேயே எழுதி வைத்துவிட்டால், அடுத்து வருபவரின் கணினியிலும் பில்ட் அதே வழியில் முடியும்.